ஸ்ட்ரெங்த் 20 என்றால் எத்தனை கிலோ? அசாத்திய பலத்தை டேபிள்டாப் விதிகள் கையாளும் விதம்

கேள்வி இதுதான்: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆட்டத்தில், ஸ்ட்ரெங்த், அதாவது பலத்தின் எண், 20 உள்ள பார்பேரியன் (காட்டுப் போராளி) கோட்டை வாயிலின் தூக்குக் கிராதியைத் தூக்கப் பார்க்கிறான். பகடையில் 3 விழுகிறது, முடியவில்லை. அடுத்து ஸ்ட்ரெங்த் 8 உள்ள விஸர்ட் (மந்திரவாதி) கை வைக்கிறான். 19 விழுகிறது, கிராதி மேலே போய்விடுகிறது. இது நிஜத்தோடு ஒட்டுமா, வேறு ஏதாவது விதிநூல் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

எடை எண்களைப் பொறுத்தவரை பெரும்பாலான விதிநூல்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கின்றன. சொதப்பல் நடப்பது, உருட்டத் தேவையில்லாத இடத்தில் பகடையை உருட்டும்போது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

முதலில் எடை. ஐந்தாம் பதிப்பின் (2014) விதி ஒரே வரி: ஸ்ட்ரெங்த்தை 15-ஆல் பெருக்கினால் சுமந்து நடக்கக்கூடிய பவுண்டு, 30-ஆல் பெருக்கினால் தூக்கவோ தள்ளவோ இழுக்கவோ முடிகிற உச்சம். ஸ்ட்ரெங்த் 10 உள்ள சாதாரண ஆள் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தூக்குவான். ஸ்ட்ரெங்த் 20 உள்ளவன் 600 பவுண்டு, 272 கிலோ. தெய்வங்களுக்கும் பூதங்களுக்கும் உரிய 30-ஐத் தொட்டாலும், உடல் மனித அளவில் இருந்தால் 408 கிலோதான். நிஜத்தில் எடி ஹால் 2016-இல் டெட்லிஃப்டில் (பார்பெல்லைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்பது) 500 கிலோவைத் தூக்கினார், ஹாஃப்தோர் பியார்ன்சன் 2020-இல் 501 கிலோவைத் தூக்கினார். அதாவது விதிப்படி ஒரு தெய்வத்தால் முடியாததை இரண்டு மனிதர்கள் செய்துவிட்டார்கள். கீழ்முனையில் பிரச்சினை தலைகீழ். உடற்பயிற்சிக் கூடம் பக்கமே போகாத ஒரு குமாஸ்தா 136 கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து எடுப்பது நடக்காத காரியம். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் எட்டுகிற எடை அது. ஆக இந்த நேர்க்கோட்டு விதி அடியில் தாராளம், உச்சியில் கஞ்சத்தனம்.

மூன்றரைப் பதிப்பு (2003) இதே விஷயத்தை அட்டவணையாக வைத்திருந்தது. அட்டவணையைக் கண்டாலே பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் நான் பார்த்த டி அண்ட் டி விதிகளில் சிறந்தது அதுதான். ஸ்ட்ரெங்த் 10-க்கு உச்சச் சுமை 100 பவுண்டு. ஒவ்வொரு 5 புள்ளிக்கும் அது இரட்டிக்கும்: 15-க்கு 200, 20-க்கு 400, 25-க்கு 800. உச்சச் சுமையைத் தலைக்கு மேல் தூக்கலாம். அதைப் போல இரு மடங்கைத் தரையிலிருந்து எழுப்பலாம், ஆனால் தள்ளாடியபடி ஒரு சுற்றுக்கு (ஆட்டக் கணக்கில் 6 விநாடி) 5 அடிதான் நகர முடியும். ஐந்து மடங்கைத் தள்ளவோ இழுக்கவோ செய்யலாம். தரை சமமாக, சாதகமாக இருந்தால் அதுவும் இரட்டிக்கும். கரடுமுரடாக இருந்தால் பாதியாகும்.

இதை உலக சாதனைகளோடு வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெங்த் 22-க்கு உச்சச் சுமை 520 பவுண்டு: தலைக்கு மேல் 236 கிலோ, தரையிலிருந்து 472 கிலோ. 23-க்கு 600 பவுண்டு: தலைக்கு மேல் 272, தரையிலிருந்து 544. பளுதூக்குநர் லாஷா தலாக்காட்ஸே 2021-இல் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல்) தூக்கியது 267 கிலோ. பியார்ன்சனின் 2020-ஆம் ஆண்டு டெட்லிஃப்ட் சாதனை 501. இருவேறு விளையாட்டுகளின் இரண்டு சாதனைகளும் 22-க்கும் 23-க்கும் நடுவில் வந்து விழுகின்றன. தலைக்கு மேல் ஒரு பங்கு, தரையிலிருந்து இரண்டு பங்கு என்ற விகிதம்கூட உண்மைக்கு நெருக்கம்தான், 267-க்கு 501. அட்டவணை போட்டவர் இதைத் திட்டமிட்டாரோ இல்லையோ, கணக்கு உட்கார்ந்துவிட்டது. மூன்றரைப் பதிப்பில் 18-இல் தொடங்கும் கேரக்டர் லெவல் ஏற ஏற 22, 23-ஐ எட்டுவது சகஜம் என்பதால், நாயகர்கள் உலகத்தர பளுதூக்குநர்களாக மாறும் பாதையும் இயல்பாக அமைந்தது.

இரண்டு பதிப்புகளும் ஒன்றையொன்று கடப்பது 16-க்கும் 17-க்கும் இடையில். அதற்குக் கீழே ஐந்தாம் பதிப்பு அதிகம் தருகிறது, மேலே குறைவாகத் தருகிறது. எனவே உங்கள் ஆட்டத்தில் 16-க்கு மேல் யாரும் இல்லையென்றால் வித்தியாசம் கண்ணில் படாது. பார்பேரியனோ, பெல்ட் ஆஃப் ஜயன்ட் ஸ்ட்ரெங்த் என்ற பலம் கூட்டும் மாயக் கச்சையைக் கட்டியவரோ இருந்தால்தான் உறுத்தும்.

தள்ளுவதில் ஐந்தாம் பதிப்பு இன்னும் மோசம். தூக்குவதற்கும் தள்ளுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டார்கள். சமதரையில் நியூட்ரலில் நிற்கும் 1,200 கிலோ காரை நகர்த்த, டயரின் உருளல் தடையை மீறினால் போதும். எடையில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 18 கிலோ அளவு விசை. நின்றதை அசைக்கக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் விதிப்படி 300 பவுண்டுக்கு மேல் குமாஸ்தாவால் நகர்த்த முடியாது. விந்தை என்னவென்றால் அதே நூலில் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு, வண்டியின் எடையையும் சேர்த்து, சுமக்கும் அளவைப் போல ஐந்து மடங்கு இழுக்கலாம் என்று விதி இருக்கிறது. சக்கரம் இருந்தால் அதையே மனிதர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். அப்போதும் விதி நிஜத்தைவிடக் கறாராகத்தான் இருக்கும், ஆனால் சேறும் பள்ளமும் நிறைந்த பாதைக்கு அது பொருந்தும்.

சுமந்து நடப்பதற்கு வருவோம். ஸ்ட்ரெங்த் 10 உள்ளவர் 150 பவுண்டை, அதாவது 68 கிலோவைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க வேகம் குறையாமல் நடப்பார் என்கிறது ஐந்தாம் பதிப்பு. அமெரிக்கத் தரைப்படைக் கையேடு 1990-இல் பரிந்துரைத்த அளவு, சண்டையிடும்போது 48 பவுண்டு, அணிவகுத்து நடக்கும்போது 72 பவுண்டு. நிஜப் போர்களில் வீரர்கள் இதைவிட அதிகம் சுமப்பதுண்டு, அதற்கு முழங்காலும் முதுகும் விலை கொடுக்கின்றன. மறுபக்கம், நேபாளச் சுமைதூக்கிகளை ஆராய்ந்தவர்கள் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்து மலையேறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்: நெற்றிப் பட்டையில் பாரத்தைத் தொங்கவிட்டு, மெதுவாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று, சுமைக்கு அடியில் தடியை முட்டுக்கொடுத்து இளைப்பாறி நடக்கிறார்கள். ஆக 68 கிலோ முடியவே முடியாத எடை அல்ல. அதைச் சுமந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து நடந்து, மாலையில் சண்டையும் போடுவதுதான் முடியாது.

இதற்கு மருந்து நூலிலேயே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. மாற்று விதியாக வைத்திருக்கும் சுமைக் கணக்கில், ஸ்ட்ரெங்த்தைப் போல 5 மடங்கு பவுண்டைத் தாண்டினால் வேகம் 10 அடி குறையும். 10 மடங்கைத் தாண்டினால் 20 அடி குறைவதோடு, உடல் சார்ந்த செக் (ஒரு செயலை முயலும் உருட்டல்), தாக்குதல், சேவ் (ஆபத்தைச் சமாளிக்கும் உருட்டல்) எல்லாவற்றுக்கும் பாதகம் வரும், அதாவது இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் 10-க்கு அந்த முதல் கோடு 50 பவுண்டு. கையேட்டின் 48-க்குப் பக்கத்தில். யதார்த்தம் வேண்டும் என்று கேட்கிற மேசையில் முதலில் எடுக்க வேண்டிய விதி இதுதான்.

இனி பகடை. டி20 என்ற இருபது முகப் பகடையில் 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. ஸ்ட்ரெங்த் 20-க்கும் 8-க்கும் மாடிஃபையர் (பகடை எண்ணோடு கூட்டும் எண்) வித்தியாசம் வெறும் 6. அதாவது, ஒரு ஊரிலேயே பெரிய பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் இடையிலான இடைவெளியைவிடப் பகடையின் ஊசலாட்டம் மூன்று மடங்கு பெரியது. இருவரும் பஞ்சா விளையாடினால் நோஞ்சான் ஜெயிக்க 400-இல் 91 வாய்ப்பு, கிட்டத்தட்ட 23 சதவீதம். நிஜத்தில் அது பூஜ்யம். மூன்றரைப் பதிப்பின் ஆட்டக்காரர் நூலே இதைப் புரிந்துகொண்டு, யார் உயரம் என்று பார்க்கப் பகடை உருட்டாதது போல யார் பலசாலி என்று பார்க்கவும் உருட்டத் தேவையில்லை என்று சொல்லியிருந்தது. அந்த ஞானம் மேசைகளுக்கு வந்து சேரவில்லை.

பொருட்களை உடைக்கும் எண்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 2014 நூலில் சணல் கயிற்றை அறுக்க டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 17. மாடிஃபையர் எதுவும் இல்லாத குமாஸ்தாவுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. அரை அங்குல மணிலாக் கயிறு அறுபட ஒரு டன்னுக்கு மேல் இழுவிசை தேவை. கைவிலங்கை உடைக்க டிசி 20: பார்பேரியனுக்கு 6 விநாடிக்கு ஒருமுறை 30 சதவீதம், குமாஸ்தாவுக்கு 5 சதவீதம். யாரும் தடுக்காவிட்டால் சாதாரணக் கைதியும் இரண்டு மூன்று நிமிடத்தில் விலங்கை முறித்துவிடுவான்! 2024 பதிப்பில் கயிற்றை 20-க்கும் விலங்கை 25-க்கும் உயர்த்தினார்கள். குமாஸ்தாவின் விலங்குப் பிரச்சினை அதோடு தீர்ந்தது, கயிறு இன்னும் உதைக்கிறது.

குதிரைக் கதை இன்னொன்று. 2014 விதிப்படி நம்மைவிட ஓர் அளவு பெரிய உயிரினத்தைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்ததும் பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு போகலாம். எடை பற்றிப் பேச்சே இல்லை. போர்க்குதிரையின் ஸ்ட்ரெங்த் 18, மாடிஃபையர் +4. குமாஸ்தா அதைப் பிடிக்க 30 சதவீத வாய்ப்பு. பிடித்துவிட்டால், முரண்டு பிடிக்கும் அரை டன் குதிரையை 6 விநாடியில் 15 அடி இழுத்துப் போவார். அதே குமாஸ்தா அதே குதிரையின் செத்த உடலை ஓர் அடி நகர்த்த முடியாது, ஏனென்றால் அப்போது அது 300 பவுண்டைத் தாண்டிய ஒரு பொருள்.

எங்கே உருட்டலாம், எங்கே கூடாது என்பதற்கு இரும்புக் கம்பி நல்ல உதாரணம். சிறை ஜன்னலில் ஒரு மீட்டர் நீளக் கம்பி, இரண்டு முனையும் கல்லில் பதித்தது, சாதாரண மைல்ட் ஸ்டீல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இழுத்து நிரந்தரமாக வளைக்கத் தேவையான விசை கம்பியின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குக் கிட்டத்தட்ட 60 கிலோ. 20 மில்லிமீட்டருக்கு 270 கிலோ. 25 மில்லிமீட்டருக்கு 530 கிலோ. குறுக்குப் பட்டை போட்டு நீளத்தைப் பாதியாக்கினால் இந்த எண்கள் இரட்டிக்கும். பழைய ஜன்னல்களில் குறுக்குப் பட்டைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது பாருங்கள்: 12 மில்லிமீட்டரை எந்த வாட்டசாட்டமான ஆளும் வளைப்பான், 25 மில்லிமீட்டரை எவனும் வெறுங்கையால் வளைக்க மாட்டான். நடுவில் 16 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலான குறுகிய பட்டையில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். அந்தப் பட்டைக்குள்ளும் ஒரே ஆள் ஒரே கம்பியில் இன்று தோற்று, ஆறு விநாடி கழித்து ஜெயிப்பது அபூர்வம். முடிந்தால் முடியும், முடியாவிட்டால் முடியாது.

இந்த உண்மையைப் பிடித்த விதி மிகப் பழையது. டி அண்ட் டியின் பழைய வடிவமான ஏடி அண்ட் டி இரண்டாம் பதிப்பில் (1989) கம்பி வளைக்கவும் கிராதி தூக்கவும் தனிச் சதவீதம் உண்டு: ஸ்ட்ரெங்த் 16-க்கு 10, 18-க்கு 16, மனித உச்சமான 18/00-க்கு 40. ஒரு கம்பியில் ஒருமுறை தோற்றால் அந்தக் கம்பி அந்தக் கேரக்டரால் வளையாது, மறுபடி உருட்ட முடியாது. அதாவது பகடை அங்கே ஆளின் முயற்சியைச் சோதிப்பதில்லை. அந்தக் கம்பி எவ்வளவு தடிமன், எவ்வளவு துரு என்பதை அது முடிவு செய்கிறது. பழைய விதிகளில் கிறுக்குத்தனம் நிறைய, ஆனால் இது அருமையான யோசனை. ஐந்தாம் பதிப்பிலும் அப்படியே பயன்படுத்தலாம்: குழுவில் அதிக பலம் உள்ளவர் ஒருமுறை உருட்டட்டும். அவர் தோற்றால் அவரைவிடப் பலம் குறைந்த யாருக்கும் வாய்ப்பில்லை. விஸர்ட் 19 உருட்டும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மரக்கதவு வேறு விஷயம், அங்கே பகடைக்கு நியாயம் உண்டு. கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் உடைவது பலகை அல்ல. பூட்டின் நாக்கு நுழையும் தகடும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் நிலைச்சட்டத்தின் மெல்லிய விளிம்பும்தான். பூட்டுக்குப் பக்கத்தில் உதை விழுந்ததா, நடுப்பலகையில் விழுந்ததா, மரம் உளுத்திருந்ததா, தாழ்ப்பாள் கூடுதலாக இருந்ததா என்று அதிர்ஷ்டத்துக்கு இடம் நிறைய. இடிகட்டையும் கடப்பாரையும் அங்கே பலத்தைவிட அதிகம் பேசும். ஐந்தாம் பதிப்பு கைத்தூக்கு இடிகட்டைக்கு +4 கொடுக்கிறது, இன்னொருவர் சேர்ந்து பிடித்தால் சாதகமும் (இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) கிடைக்கும். கடப்பாரைக்கு நெம்புகிற வேலையில் சாதகம். கப்பியும் கயிறும் இருந்தால் தூக்கும் எடை நான்கு மடங்கு. நாலு கப்பி கட்டினால் நாலு மடங்கு என்பது பள்ளிக்கூட இயற்பியல். உராய்வில் கொஞ்சம் போகும், அதை விதி கண்டுகொள்ளவில்லை, பரவாயில்லை.

கர்ப்ஸ் என்ற இன்னொரு விதிநூலின் நான்காம் பதிப்பு (2004) வேறு வழியில் போகிறது. யதார்த்தம்தான் முக்கியம் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். அடிப்படைத் தூக்கு என்று ஓர் எண்: எஸ்டியை (அங்கே பலத்தின் எண்) அதாலேயே பெருக்கி 5-ஆல் வகுத்தால் வரும் பவுண்டு. எஸ்டி 10-க்கு 20 பவுண்டு, எஸ்டி 20-க்கு 80. மற்ற எல்லாம் அதன் மடங்குகள்: ஒரு கையால் தலைக்கு மேல் 2 மடங்கு, இரண்டு கையால் 8 மடங்கு (4 விநாடி ஆகும்), தள்ளிச் சாய்க்க 12, முதுகில் ஏற்றிச் சுமக்க 15, கொஞ்சமே கொஞ்சம் நகர்த்த 50. எஸ்டி 10 ஆள் தலைக்கு மேல் தூக்குவது 160 பவுண்டு, 73 கிலோ. இதுவும் சராசரி மனிதனுக்குக் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் மேலே போகும்போது கணக்கு ஒழுங்காக நிற்கிறது. தலாக்காட்ஸேயின் 267 கிலோவுக்கு வெறும் எஸ்டியே என்றால் 19-க்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் கர்ப்ஸில் தூக்குவதற்கென்று தனித் திறமை உண்டு. அதில் ஜெயிக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அடிப்படைத் தூக்கு 5 சதவீதம் கூடும். ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் 30 சதவீதம், அப்போது எஸ்டி 17 போதும். பளுதூக்குதலில் பாதி நுட்பம் என்பதை விதி ஒப்புக்கொள்கிறது என்று அர்த்தம். பியார்ன்சன் 2015-இல் நார்வேயில் 10 மீட்டர் நீளமும் சுமார் 650 கிலோ எடையும் உள்ள மரத்தை முதுகில் ஏற்றி ஐந்து எட்டு எடுத்துவைத்து நடந்தார். 15 மடங்கு விதிப்படி அதற்கு எஸ்டி 22. நம்பும்படியான எண்.

எல்லையை மீறி முக்கித் தூக்கவும் அங்கே வழி இருக்கிறது: மனவுறுதியின் மேல் உருட்டி, களைப்புப் புள்ளி கொடுத்து, கூடுதல் எடைக்கேற்ப அபராதம் ஏற்று முயலலாம்; படுதோல்வி என்றால் தசை பிசகிக் காயம். பகடை இருக்க வேண்டிய இடம் இதுதான். பகடையும் மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டு என்பதால் நடு எண்களே அதிகம் விழும். எஸ்டி 8 ஆள் எஸ்டி 20 ஆளை நேருக்கு நேர் ஜெயிக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஆறு. டி20-இன் 23 சதவீதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குதிப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பில் ஓடிவந்து நீளம் தாண்டினால் ஸ்ட்ரெங்த் எத்தனையோ அத்தனை அடி, பகடை இல்லாமல். மைக் பவல் 1991-இல் தோக்கியோவில் தாண்டிய 8.95 மீட்டர் 29 அடி 4 அங்குலம். புயல் பூதத்தின் 29-ஐத் தரும் பெல்ட்டைக் கட்டினாலும் அவரிடம் நான்கு அங்குலத்தில் தோற்க வேண்டும். நீளம் தாண்டுதலுக்கு வேகம்தான் முதல், கனமான பலசாலிகள் நன்றாகத் தாண்டுவதில்லை. பாத்ஃபைண்டர் என்ற விதிநூலின் இரண்டாம் பதிப்பு, சாதாரணத் தாவலின் நீளத்தை நடைவேகத்தோடு கட்டியிருப்பது அந்த வகையில் சரியான திசை.

வில் விஷயத்திலும் இதே கோளாறு, எதிர்த்திசையில். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நெடுவில்களை இழுக்க ஏறத்தாழ 100 முதல் 185 பவுண்டு விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பில் அதற்கு ஸ்ட்ரெங்த்தே வேண்டாம், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பின் எண்) போதும். மூன்றரைப் பதிப்பின் கூட்டுவில்லில் இன்னின்ன பலத்துக்கு இன்ன வில் என்று இருந்தது.

சரி, ஐந்தாம் பதிப்பை விடாமல் என்ன செய்யலாம்? நான் பரிந்துரைப்பது மூன்றரைப் பதிப்பின் எண்களைக் கிலோவாக்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வது. தரையிலிருந்து எழுப்பும் எல்லை: ஸ்ட்ரெங்த் 10-க்கு 91 கிலோ, 12-க்கு 118, 14-க்கு 159, 16-க்கு 209, 18-க்கு 272, 20-க்கு 363. தலைக்கு மேல் இதில் பாதி. இந்த எல்லை நல்ல பிடி கிடைக்கும் பொருளுக்கு. பிடியில்லாத உருண்டைக் கல் என்றால் மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். பார்பெல்லில் பெரிய எடை போடுபவர் இளவட்டக்கல்லிடம் திணறுவது இதனால்தான்: கல்லைக் கையில் பிடிக்க முடியாது, மாரோடு அணைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

எல்லைக்குள் இருந்தால் உருட்ட வேண்டாம், தூக்கிவிட்டார். எல்லைக்கு மேல் 10 சதவீதம் வரை கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குசக்தி) சேவ், டிசி 15. ஜெயித்தால் ஒரு சுற்றுக்குத் தூக்கலாம், தோற்றால் தூக்காமலே ஒரு நிலை எக்ஸாஷன் (களைப்பு). ஐந்து புள்ளிக்கு மேல் தோற்றால் நீண்ட ஓய்வு எடுக்கும்வரை ஸ்ட்ரெங்த் செக்குகளுக்குப் பாதகம், முதுகு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்துக்கும் மேல் என்றால் முயலவே விட வேண்டாம். டெட்லிஃப்ட் வீரர்கள் போட்டியில் தங்கள் உச்சத்துக்கு மேல் கூட்டுவது சில கிலோதான், இரட்டிப்பதில்லை.

உதவிக்கு வரும் விதியையும் மாற்றுங்கள். நூலில் உதவி என்றால் சாதகம், யார் உதவினாலும் ஒரே பலன். அதற்குப் பதிலாக எல்லைகளைக் கூட்டி, ஒத்திசைவில் போவதற்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஓக் மரச் சட்டங்களும் இரும்புப் பூணும் சேர்ந்த மூன்று மீட்டர் அகலக் கிராதி 450 கிலோ என்று வையுங்கள். பார்பேரியனின் 363-உம் ஸ்ட்ரெங்த் 16 உள்ள ஃபைட்டரின் (போர்வீரன்) 209-உம் சேர்ந்து 572, கழித்தால் 515. இருவரும் குனிந்து பிடித்தால் எழும். எவ்வளவு நேரம் பிடித்து நிற்பார்கள் என்பதில்தான் பதற்றம்: முதல் சுற்றில் இருவருக்கும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் டிசி 10, பிறகு சுற்றுக்கு 2 கூடட்டும். அதற்குள் மற்றவர்கள் ஊர்ந்து உள்ளே போக வேண்டும், அல்லது யாராவது அடியில் கல்லை உருட்டி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் முழு எடையும் மற்றவர் மேல் வரும். அவருடைய எல்லையைத் தாண்டுவதால் கிராதி விழும்.

பஞ்சா மாதிரி நேரடிப் பலப்பரீட்சையில் ஸ்ட்ரெங்த் வித்தியாசம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் உருட்டாமலே முடிவு சொல்லிவிடுவது நல்லது. உருட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும் என்று வையுங்கள். 20-க்கு எதிரான 8-இன் வாய்ப்பு அப்போதும் 8 முதல் 9 சதவீதம் இருக்கும் என்பதே டி20 இந்த வேலைக்கு எவ்வளவு பொருந்தாது என்று காட்டும்.

பூதங்களும் சூப்பர்ஹீரோக்களும் வந்தால் யதார்த்தத்தின் பொருளே மாறுகிறது. உடலை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, தசையின் குறுக்கு வெட்டு நான்கு மடங்கு. எஸ்டியை உயரத்தோடு ஏற்றினால், கர்ப்ஸின் வர்க்கக் கணக்கு அதே நான்கைத் தரும். ஐந்தாம் பதிப்பில் உடலைப் பெரிதாக்கும் என்லார்ஜ் மந்திரம் எடையை எட்டு மடங்காக்குகிறது, தூக்கும் அளவை இரட்டிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. புயல் பூதம் இன்னும் பரிதாபம். 26 அடி உயரம், ஆறடி மனிதனைவிட 4.3 மடங்கு. எடை 81 மடங்கு, அதாவது ஆறரை டன். விதிப்படி அது தூக்குவது 29-ஐ 30-ஆலும் அளவுக்காக 4-ஆலும் பெருக்கி 3,480 பவுண்டு, ஒன்றரை டன் சொச்சம். தன் எடையில் கால்வாசி. இயற்பியலைக் கேட்டால் அதுகூடக் கிடையாது: தசை 19 மடங்குதான் என்பதால், மனித அமைப்பை அப்படியே பெரிதாக்கிய உடலால் குந்திய நிலையிலிருந்து எழுந்திருக்கவே முடியாது. பூதம் நடக்கிறது என்று ஒப்புக்கொண்ட கணமே இயற்பியலை வெளியே அனுப்பிவிட்டோம். அதனால் பூதம் எவ்வளவு தூக்கும் என்பதைக் கதைக்கு வேண்டிய அளவுக்கு டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முடிவு செய்துகொள்ளலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சூப்பர்ஹீரோ விதிகள் இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாள்கின்றன. சாம்பியன்ஸ் என்ற விதிநூலில் ஸ்ட்ரெங்த் 10-க்கு 100 கிலோ, ஒவ்வொரு 5-க்கும் இரட்டிப்பு, 60-இல் 100 டன். மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மூன்றாம் பதிப்பில் பூஜ்ய நிலைக்கு 50 பவுண்டு, ஒவ்வொரு நிலைக்கும் இரட்டிப்பு. இரண்டிலும் குமாஸ்தாவும் மலையைப் பெயர்ப்பவரும் ஒரே அட்டவணையில் சங்கடமில்லாமல் உட்காருகிறார்கள், பெருக்கல் ஏணியின் அனுகூலம் அது. ஆனால் அந்த விதிகள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 100 டன்னைத் தூக்கி நிற்பவரின் இரண்டு பாதங்களின் பரப்பு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர். அதன் கீழே அழுத்தம் 20 மெகாபாஸ்கல். நல்ல கான்கிரீட் தளம் ஓரளவு தாங்கும். சாதாரண மண் தாங்குவது இதில் நூறில் ஒரு பங்குதான், ஆள் இடுப்பளவு புதைந்துவிடுவார். தூக்கப்படும் பொருளுக்கும் இதே கதி: பேருந்தின் அடித்தகட்டில் இரண்டு உள்ளங்கை வைத்துத் தூக்கினால் தகடு கிழிந்து கை உள்ளே போகும், சேசிஸ் சட்டத்தைப் பிடித்தால் மட்டுமே பேருந்து எழும். அதனால் இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஆட்டக்காரரிடம் எத்தனை டன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே பிடிக்கிறீர்கள், எதன் மேல் நிற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பகடை உருட்ட வேண்டியது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.